கட்டியது எவ்வளவு? கைக்கு வந்தது எவ்வளவு?

எங்கள் தெருவில் மூன்று பேர். மூவரும் ஆண்டிமடத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மூவருக்கும் உழைக்கிற வயது முடிந்துவிட்டது.

எதிர்வீட்டு ஆயாவுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கியே காலத்தைக் கழித்தவர். பி.எஃப். என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. எந்த நிதிக்கும் ஒரு பைசா கட்டியதில்லை. அரசாங்கத்தின் முதியோர் உதவித்தொகை அவருக்கு வருகிறது. 2023-ல் அந்தத் தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாகத் தமிழக அரசு உயர்த்தியது.

அடுத்தவர் மூன்றாவது வீட்டுப் பெரியப்பா. சொந்தமில்லை, முறைக்குத்தான் பெரியப்பா. அரியலூர் பக்கம் ஒரு சிறிய கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தார். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். அவருக்கு வரும் பென்ஷன் 1,000 ரூபாய்.

மூன்றாமவர் என் அப்பா. ஒரு சிமெண்ட் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஏறத்தாழ இருபத்திரண்டு வருஷம். வேலை இருந்த மாதமெல்லாம் பிடித்தம் இருந்தது. அவருக்குப் பென்ஷன் கிடையாது.

கட்டாதவருக்கு 1,200, பதினோரு வருஷம் கட்டியவருக்கு 1,000, இருபத்திரண்டு வருஷம் கட்டியவருக்குப் பூஜ்யம். ஆயாவுக்கு வருவதைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. அது அவருக்கு மருந்து மாத்திரைக்கே காணாது. ஆனால் இது என்ன கணக்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. கேட்டும் படித்தும் எனக்கு விளங்கியதை நம் மலரில் எழுதுகிறேன். ஏனென்றால் நண்பர்களே, இன்னும் சில மாதங்களில் நாமும் முதல் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கப் போகிறோம். "ஏன்டா, இவ்வளவு பிடிச்சிருக்கான்?" என்று ஹாஸ்டலில் கேட்டுக்கொண்டிருக்கிற சீனியர்களின் போன் இப்போதே வருகிறது!

முதலில் அந்தச் சீட்டைப் பார்ப்போம். பேசிக், டி.ஏ. சேர்த்து 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் பி.எஃப்.புக்காக 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளியும் அதே 1,800 போட வேண்டும். ஆனால் முதலாளி போடுவது முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போவதில்லை. அதில் 8.33 சதவீதம், அதாவது 1,250 ரூபாய், பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும். மீதி 550 ரூபாய்தான் நம் பெயரில் சேரும். ஈ.எஸ்.ஐ.க்கு நம்மிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம், இரண்டும் சேர்த்து 600 ரூபாய். ஆக 15,000 ரூபாய் சம்பளக்காரன் பெயரைச் சொல்லி மாதம் 4,200 ரூபாய் போகிறது. "அதில் பாதிக்கு மேல் முதலாளி பணம்தானே" என்று சிலர் சொல்வார்கள். நமக்கு வேலை தரும்போது "உன் சம்பளம் வருஷத்துக்கு இவ்வளவு லட்சம்" என்று இதையும் சேர்த்துத்தான் கம்பெனி காட்டுகிறது. எனவே எல்லாமே நம் உழைப்பின் கூலி என்றே நான் கணக்கு வைக்கிறேன்.

இதில் பி.எஃப். பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1952-ஆம் வருஷச் சட்டம். போட்டது நம் பெயரில் இருக்கும், வட்டி ஏறும், கடைசியில் வரும். 1990-களில் 12 சதவீத வட்டி தந்தார்கள், 2024-25-க்கு 8.25 சதவீதம். பேங்க் டெபாசிட்டோடு ஒப்பிட்டால் மோசம் என்று சொல்ல முடியாது. கட்டியதும் கிடைப்பதும் இங்கே பொருந்திவிடுகிறது.

வம்பெல்லாம் பென்ஷனில்தான்.

1971-ல் குடும்ப பென்ஷன் என்று ஒன்று வந்தது. தொழிலாளி இறந்தால் மனைவி மக்களுக்கு ஏதாவது கிடைக்கட்டும் என்பது அதன் நோக்கம். 1995 நவம்பர் 16 முதல் அதற்குப் பதிலாகத் தொழிலாளிக்கே பென்ஷன் தரும் திட்டம் வந்தது. தொழிலாளர் வட்டாரத்தில் 'இ.பி.எஸ். 95' என்பார்கள். முதலாளியின் 8.33 சதவீதத்தோடு மத்திய அரசு 1.16 சதவீதம் சேர்க்கிறது. 58 வயதில் பென்ஷன். குறைந்தது பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். கணக்கு எளிது: சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். இருபது வருஷம் முடித்தவருக்கு இரண்டு வருஷம் போனஸாகச் சேர்ப்பார்கள்.

சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் உச்சவரம்பு ஒன்று உண்டு. முதலில் 5,000, 2001 ஜூனில் 6,500, 2014 செப்டம்பரில் 15,000. பதின்மூன்று வருஷம் 6,500-லேயே நின்றதைக் கவனியுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். திட்டம் பிறந்த அன்றே சேர்ந்து, எப்போதும் உச்சவரம்பிலேயே கட்டி, 2025 நவம்பரில் முப்பது வருஷம் முடித்து ஓய்வு பெற்ற ஒருவர். அவருக்காக மாதம் 417, பிறகு 541, பிறகு 1,250 என்று போயிருக்கிறது. கூட்டினால் 2 லட்சத்து 80 ஆயிரம் சொச்சம். அதே பணம் பி.எஃப்.பில் கிடந்து சராசரியாக 8.5 சதவீதம் வட்டி ஏறியிருந்தால் ஏறக்குறைய 9 லட்சம் ஆகியிருக்கும். 9 லட்சத்துக்கு 8.25 சதவீதம் என்றால் வட்டி மட்டுமே மாதம் ஆறாயிரத்துக்கு மேல். முதல் அப்படியே இருக்கும்.

பென்ஷன் எவ்வளவு வரும்? 2014 ஆகஸ்டு வரையிலான சர்வீஸுக்கு 6,500 வரம்பு, பிறகு 15,000 வரம்பு என்று பிரித்துப் போடுவார்கள். போனஸ் இரண்டு வருஷத்தையும் சேர்த்தால் 4,400 ரூபாய்க்குச் சற்று மேல். அதுவும் வாங்க ஆரம்பித்த அன்றைக்கு என்ன தொகையோ அதே தொகைதான் கடைசி வரைக்கும். சர்க்கார் பென்ஷன் மாதிரி அகவிலைப்படி ஏறாது. இன்றைய 4,400 பதினைந்து வருஷம் கழித்து என்ன வாங்கும் என்று நம் வீட்டு அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆக, முழுசாக முப்பது வருஷம் உழைத்து உயிரோடு ஓய்வு பெறுகிறவனுக்கு, அவன் பணம் வட்டியோடு என்ன தரவேண்டுமோ அதைவிடக் குறைவாகவே கிடைக்கிறது.

அப்படியானால் மீதி எங்கே போகிறது? திருட்டுப் போய்விட்டது என்று டீக்கடையில் பேசுகிறார்கள். அது சரியில்லை. இது உண்டியல் கணக்கில்லை, பொதுப் பானை. ஒரு மாதம் மட்டும் பணம் கட்டியவன் விபத்தில் போய்விட்டால்கூட அவன் மனைவிக்கு ஆயுள் முழுக்கப் பென்ஷன் உண்டு. மறுமணம் செய்தால்தான் நிற்கும். இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனியாக உண்டு. வேலையில் நிரந்தரமாக ஊனமானவருக்கும் உண்டு. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அண்ணன் வேலைக்குப் போன மூன்றாம் வருஷம் ஜெயங்கொண்டம் ரோட்டில் லாரி மோதி இறந்தார். அவர் பேரில் பானையில் விழுந்தது சில ஆயிரங்கள்தான். அந்த அண்ணி இன்னும் பென்ஷன் வாங்குகிறார். முதலாளி தனியாகக் கட்டும் அரை சதவீதத்திலிருந்து இன்ஷூரன்ஸ் தொகையும் வந்தது. (அந்த இன்ஷூரன்ஸின் மேல்வரம்பு 2021 முதல் 7 லட்சம்.)

அதேபோல் பெரியப்பாவின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். சம்பளம் 5,000, சர்வீஸ் பதினொன்று. பெருக்கி எழுபதால் வகுத்தால் 785 ரூபாய். 2014-ல் குறைந்தபட்சம் 1,000 என்று மத்திய அரசு வைத்ததால் அது ஆயிரம் ஆயிற்று. அவர் பேரில் பானைக்குப் போனதே 55,000-க்குள்தான்; ஐந்து வருஷத்துக்குள் திரும்பிவிடும். நாற்பது வருஷம் இருக்கட்டும் பெரியப்பா! அவர் திட்டுவது வேறு காரணத்துக்கு. "ஆயிரம் ரூவாய்க்கு கேஸ் சிலிண்டர் வாங்கிட்டா மிச்சம் என்னடா இருக்கு?" என்பார். 2013-லேயே ராஜ்யசபாவின் மனுக்கள் குழு, பகத்சிங் கோஷ்யாரி தலைமையில், குறைந்தது 3,000 தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. வந்தது ஆயிரம். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேலாகியும் அந்த எண் நகரவில்லை. கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் 2023-ல் தலைகீழானது இப்படித்தான். (2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால் முழுச் சம்பளத்துக்கும் பென்ஷன் என்று பேப்பரில் பெரிதாக வந்ததே, அது உச்சவரம்பைத் தாண்டிச் சம்பளம் வாங்கியவர்கள் விவகாரம். எங்கள் தெருவுக்கு அதில் வேலையில்லை.)

யார் கட்டியது யாருக்குப் போகிறது என்ற கேள்வி நமக்கு மட்டுமில்லை. அமெரிக்காவில் 1935-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அங்கே மாதாமாதம் பென்ஷன் வாங்கிய முதல் ஆள் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர் என்ற அம்மையார். மூன்று வருஷம் மட்டுமே வேலையில் இருந்து அவர் கட்டிய வரி 24 டாலர் 75 சென்ட். 1940 ஜனவரியில் வந்த முதல் காசோலையே 22 டாலர் 54 சென்ட்! நூறு வயது வாழ்ந்து 1975-ல் இறந்தபோது அவர் வாங்கியிருந்த மொத்தம் 22,888 டாலருக்கும் மேல். முதலில் வந்து பந்தியில் உட்கார்ந்தவருக்கு இலை நிறைய விழுந்தது. அந்த இலையை நிரப்பியவர்கள் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள். பின்னால் வருகிறவனுக்கு அந்த அளவு கிடைக்க வழியில்லை. நம் ஊர்த் திட்டத்தில் பணம் நிதியாகச் சேர்த்து வைக்கப்படுகிறது. ஆனாலும் ஒருவன் பணம் இன்னொருவனின் விதவைக்குப் போகிறது என்ற அளவில் இரண்டும் ஒரே ஜாதி.

இனி வைத்தியம். ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல் வந்தது. 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கினார்கள். 2019 ஜூலையில் பிடித்தத்தைக் குறைத்தார்கள். அதற்கு முன் இருவரும் சேர்ந்து 6.5 சதவீதம், பின் 4 சதவீதம். 15,000 சம்பளத்தில் நம் பங்கு வருஷத்துக்கு 1,350 ரூபாய்தான். குடும்பம் முழுவதற்கும் வைத்தியம். நோயில் படுத்தால் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். ஒரு நாளைக்கு 350 ரூபாய் வீதம் 31,850 ரூபாய் வரை. பெண்களுக்குப் பிரசவ காலத்தில் 26 வாரம். வியாதி வந்தவனுக்கு இது மகா லாபம், வராதவனுக்கு நஷ்டம். இந்த நஷ்டத்துக்கு யாரும் வருத்தப்படப் போவதில்லை.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே வந்துவிடுவோம். நம்மைப் போன்ற டிப்ளமோக்காரன் இருபது வயதில் சேர்ந்து, கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயதில் ஏழெட்டு வருஷம் கட்டி, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வருகிற வயதில் அட்டை இல்லாமல் நிற்பான். அமெரிக்காவில் உழைக்கிற காலத்தில் சம்பளத்தில் 1.45 சதவீதம் பிடித்துக்கொண்டு, 65 வயதுக்கு மேல் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்கிறார்கள். அதாவது வாலிபத்தில் கட்டுவது வயோதிகத்துக்கு உதவுகிறது. இங்கே ஓய்வு வயது வரை அட்டையோடு இருந்தவருக்குத்தான் அந்த வசதி. அவர் ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் காப்பீட்டில் இருந்திருந்தால், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டிக் கணவன் மனைவி இருவரும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். ஆமாம், நூற்றிருபது ரூபாய்தான், அச்சுப்பிழை இல்லை. சம்பளம் தாண்டி வெளியேறியவர்களுக்கும் 30,000 ரூபாய் வரையில் இந்த விதியைத் தளர்த்த 2024-ல் ஈ.எஸ்.ஐ. கழகம் முடிவெடுத்தது. அதற்கும் மேலே போனவர்கள் சொந்தக் காசில்தான்.

என் அப்பாவுக்குக் கடைசி ஏழெட்டு வருஷம் ஈ.எஸ்.ஐ. இருந்தது. அந்த 120 ரூபாயைக் கட்டி அப்பாவும் அம்மாவும் அட்டை வைத்திருக்கிறார்கள். பெரிய வைத்தியம் என்றால் திருச்சி ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல். போகிற பஸ் செலவு வருஷச் சந்தாவைத் தாண்டிவிடுகிறது. சாதாரணக் காய்ச்சல் தலைவலிக்கு ஆண்டிமடம் அரசு ஆஸ்பத்திரி. அரியலூரில் 2022-ல் மருத்துவக் கல்லூரி வந்தபிறகு அங்கேயும் போகிறார்கள். அங்கெல்லாம் அட்டையே கேட்பதில்லை.

பென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். இருபத்திரண்டு வருஷம் கட்டிய அப்பாவுக்கு ஏன் பூஜ்யம்?

அப்பா சேர்ந்தது 2001-ல். ஆறு வருஷத்தில் ஒப்பந்தக்காரர் மாறினார். "கணக்கை முடிச்சுப் பணத்தை வாங்கிக்க, புது ஆளுகிட்ட புதுசா ஆரம்பிக்கலாம்" என்று மேஸ்திரி இரண்டு ஃபாரத்தை நீட்டினார். ஒன்று பி.எஃப்.புக்கு. மற்றொன்று 'டென் சி'. அந்த இரண்டாவது ஃபாரம்தான் பென்ஷன் பங்கைத் திரும்ப வாங்குவது. பத்து வருஷம் முடியாதவர்களுக்கு ஒரு அட்டவணை உண்டு: ஆறு வருஷத்துக்குச் சம்பளத்தைப்போல் 6.07 மடங்கு. அப்போது சம்பளம் 4,000, வந்தது 24,280. அக்காவுக்குக் காது குத்தினோம், கூரையை மாற்றினோம். மறுபடி 2007 நடுவில் சேர்ந்து ஆறரை வருஷம். மறுபடி ஆள் மாற்றம், மறுபடி டென் சி. ஆறு மாதத்துக்குக் குறையாத மிச்சத்தை ஒரு வருஷமாகக் கொள்வதால் ஏழு வருஷம், 7.13 மடங்கு. 6,500 சம்பளத்துக்கு 46,345. மூன்றாவது முறை 2014 பிப்ரவரியில் சேர்ந்து 2023 மே மாதம் 58 வயது முடிந்தது.

பென்ஷன் வாங்கலாம் என்று சந்தோஷமாக விசாரிக்கப் போனோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார்: "பெரியவரே, ஒவ்வொரு தடவை டென் சி-யில பணம் எடுத்தப்பவும் உங்க சர்வீஸ் அழிஞ்சு போச்சு. இப்ப கணக்குல இருக்கறது ஒம்பது வருஷம் நாலு மாசம்."

ஒன்பதரை இருந்திருந்தால் பத்தாகக் கொண்டிருப்பார்கள். இரண்டே மாதம்! 12,000 சம்பளத்துக்கு 9.33 மடங்கு, 1,11,960 ரூபாய் கணக்கில் ஏறியது. அத்தோடு முடிந்தது.

மூன்று தடவையும் டென் சி-யில் வந்ததைக் கூட்டினால் 1,82,585. எடுக்காமல் விட்டிருந்தால் சர்வீஸ் இருபத்திரண்டு, போனஸ் இரண்டு. கடைசி அறுபது மாதச் சராசரியை 12,000 என்று கொண்டால் பென்ஷன் மாதம் ஏறக்குறைய 3,000 வந்திருக்கும். அவர் மொத்தமாக வாங்கிய பணம் பென்ஷனாக ஐந்தே வருஷத்தில் வந்திருக்கும். ஆறாவது வருஷத்திலிருந்து வருவதெல்லாம் மேலே. அவருக்குப் பிறகு அம்மாவுக்குப் பாதி. அந்த அட்டவணையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: வருஷத்துக்கு 8.33 சதவீதம் என்றால் சரியாக ஒரு மாதச் சம்பளம். ஒன்பது மாதச் சம்பளத்தைக் கட்டினால் ஒன்பதேகால் சொச்சம் திரும்ப வருகிறது. சம்பளம் ஏறியதால் தொகை பெரிதாகத் தெரியும். வட்டி என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பத்து வருஷத்துக்குள் எடுக்கிறவன்தான் இந்தத் திட்டத்தில் மிக மோசமாக அடிபடுகிறவன். அவன் யார்? ஆள் மாறும்போதெல்லாம் கணக்கை முடிக்கச் சொல்லப்படுகிற ஒப்பந்தத் தொழிலாளி.

மேஸ்திரி பொய் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது என்பது என் எண்ணம். ஆனால் அதே டென் சி ஃபாரத்தில், பணம் வேண்டாம், சர்வீஸைக் காட்டும் சான்றிதழ் கொடுங்கள் என்று கேட்கவும் இடம் இருக்கிறது. 'ஸ்கீம் சர்ட்டிபிகேட்' என்று பெயர். அதை வாங்கி வைத்திருந்தால் ஆறும் ஆறரையும் ஒன்பதும் சேர்ந்திருக்கும். 2014 அக்டோபரிலிருந்து 'யு.ஏ.என்.' என்று ஆயுளுக்கும் ஒரே எண் வந்துவிட்டது. கம்பெனி மாறினால் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எடுப்பதும் இப்போது செல்போனில் நாலு தட்டு தட்டினால் முடிந்துவிடுகிறது.

இன்னொன்றும் நமக்காகச் சொல்ல வேண்டும். நம்மில் பாதிப்பேர் முதலில் போவது அப்ரண்டிஸாக. 1961-ஆம் வருஷச் சட்டப்படி எடுக்கப்பட்ட அப்ரண்டிஸுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் கிடையாது, அந்தக் காலம் சர்வீஸில் சேராது. சிங்கப்பூருக்கு வொர்க் பர்மிட்டில் போகிறவர்களுக்கும் அந்த ஊர் சேமநிதி இல்லை. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டங்களெல்லாம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற ஒரே சட்டத்துக்குள் வந்திருக்கின்றன. பேசிக்கைக் குறைத்து அலவன்ஸை ஏற்றிப் பிடித்தத்தைக் குறைக்கிற பழைய வித்தைக்கு அதில் ஒரு கடிவாளம் உண்டு: அலவன்ஸ் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியதும் சம்பளமாகக் கணக்கில் வரும். கையில் வாங்குவது கொஞ்சம் குறையும், கணக்கில் சேர்வது கூடும்.

போன மாதம் ஓரகடத்திலிருந்து அண்ணன் போன் பண்ணினான். பழைய கம்பெனியில் நாலு வருஷம் இருந்துவிட்டுப் புதிய கம்பெனிக்கு மாறியிருக்கிறான். "வண்டிக்கு முன்பணம் கட்டணும், பழைய பி.எஃப். மொத்தத்தையும் எடுத்துரட்டா?" என்று கேட்டான். நான் கணக்கு நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, வேணும்னா பி.எஃப்.ல கொஞ்சம் முன்பணம் கேட்டுப் பாரு. டென் சி பக்கம் மட்டும் போவாத," என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றார். "ரெண்டு மாசம்டா," என்றார்.